மோல்தோவின் தகுதித் தேர்வும் ஊல்கான் எழுதிய குறிப்பும்

ஊல்கானின் கையெழுத்து இல்லாமல் ஆலா-கெச்சூ கிராமத்தில் யாரும் பிறந்துவிடவும் முடியாது, செத்துவிடவும் முடியாது. ஊராட்சி அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடமாக அவள்தான் செயலாளர். பிறப்புக்கு ஒரு ஏடு, இறப்புக்கு ஒரு ஏடு, கல்யாணத்துக்கு ஒரு ஏடு. ஊர்க்கூட்டம் நடந்தால் குறிப்பெழுதுகிறவள் அவள். பட்டாளத்துக்கோ படிப்புக்கோ ரஷ்யாவுக்கு வேலைக்கோ போகிறவனுக்கு நன்னடத்தைச் சான்று எழுதித் தருகிறவளும் அவள். அவள் காலத்தில் ஊர்த் தலைவர்கள் ஆறு பேர் வந்து போனார்கள். அவள் நாற்காலி மட்டும் அலுவலகக் கணப்படுப்பின் ஓரத்திலிருந்து நகரவில்லை.

அந்தச் சான்றில் அவள் எழுதும் வாசகம் ஊருக்கே மனப்பாடம். "நேர்மையானவர், பணிவானவர், ஊரார் மதிப்பைப் பெற்றவர், தீய பழக்கம் இல்லாதவர்." படிக்கப் போன பையனுக்கும் அதுதான், குதிரை திருடிப் பிடிபட்டவனுக்கும் அதுதான். குதிரைத் திருடன் வழக்கில் காவல் நிலையத்துக்காரன் ஒருவன் அவளிடமே வந்து கேட்டான். "என்னக்கா, திருடனைப் போய் பணிவானவன்னு எழுதியிருக்கீங்களே?" ஊல்கான் பேனாவை வைக்காமலே சொன்னாள். "ராத்திரி பூரா குனிஞ்சு குனிஞ்சுதானே நடந்திருக்கான். அதைவிடப் பணிவு வேணுமா?"

இப்படிப்பட்ட வாய். ஆனால் வாய் மட்டும்தான் கூர்மை; பேனா யாரையும் கீறியதில்லை. புருஷன் பெய்ஷென் டிராக்டர் ஓட்டியவன், நாற்பத்தேழு வயதில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். மகன்கள் இரண்டு பேரும் ரஷ்யாவில். ஐம்பத்தெட்டு வயதில் தனியாக ஒரு மாடு, பன்னிரண்டு ஆடு, மூன்று ஏடு என்று அவள் காலம் ஓடிக்கொண்டிருந்தது. வரும் செப்டம்பரில் ஓய்வு. அதுவரை யார் வாயிலும் விழாமல் இருந்தால் போதும் என்பதே அவள் கொள்கை. அதைக் கொள்கை என்று சொல்வதும் அதிகம்தான்.

அந்த ஊரின் மோல்தோ எசென்தூர். பள்ளிவாசலில் தொழ வைப்பது, நிக்காஹ் ஓதுவது, மையத்தை, அதாவது செத்தவர் உடலை, குளிப்பாட்டி அடக்குவது எல்லாம் மோல்தோ வேலை. எசென்தூர் முன்பு லாரி ஓட்டியவர். நாற்பது வயதுக்கு மேல் நகரத்தில் இரண்டு வருடம் மார்க்கம் படித்துவிட்டு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மைனஸ் முப்பது டிகிரி உறைபனியிலும் மண்வெட்டியோடு முதலில் கபர்க் குழி தோண்ட நிற்பவர். ஒரே ஒரு வழக்கம்: நிக்காஹுக்குக் கூப்பிட்டால் கூப்பிட்ட வீட்டுக்குப் போவார், தாளெல்லாம் கேட்க மாட்டார். தாள் ஊல்கானின் வேலை, துஆ ஓதுவது தன் வேலை என்பது அவர் கணக்கு. ஊல்கானோ, ஓதுவதற்கு முன் பார்ப்பது மோல்தோவின் பாடு, ஓதிய பிறகு பதிய வந்தால் பதிவது தன் பாடு என்று இருந்தாள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சந்தில் எத்தனை பெண் பிள்ளைகள் விழுந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

ஜிபார் அப்படி விழுந்தவள். பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். போன அக்டோபரில் ஊரின் மேல்கோடியிலிருந்து காளிபாவின் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள், அப்பன் தலையாட்டினான், மூன்றாம் நாள் நிக்காஹ். ஊரே போய்ச் சாப்பிட்டது. மணப்பெண்ணின் தலையில் வெள்ளைச் சால்வை கட்ட, விதவையானாலும் இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்ற ராசிக்காரி என்று ஊல்கானைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் கட்டிவிட்டு, கறியும் தின்றுவிட்டு, வீட்டுக்கு ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டு வந்தாள். இருபது நாளில் மாப்பிள்ளை ரஷ்யாவுக்குப் போய்விட்டான். ஜிபார் மாமியார் வீட்டில் ஐந்து மாட்டுக்குப் பால் கறந்துகொண்டிருந்தாள்.

ஏப்ரல் மாதம், பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு திங்கட்கிழமை, அவள் அலுவலகத்துக்கு வந்தாள். ரப்பர்ச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றாள்.

"பெரியம்மா, என் பொறந்த தேதி உங்க ஏட்டுல இருக்கா?"

"இருக்காம என்ன. நான்தானே எழுதினேன்."

"எனக்கு எப்ப பதினெட்டு முடியுது?"

"வர்ற பிப்ரவரிக்கு. ஏன், இப்ப அதுக்கென்ன?"

"மே கடைசியில பரீட்சை. டீச்சர் வந்து எழுதச் சொல்றாங்க. அத்தை விடமாட்டேங்கறாங்க. மோல்தோ ஓதிட்டாரு, இனிமே நீ இந்த வீட்டு அடுப்புக்குத்தான்னு சொல்றாங்க. அந்த நிக்காஹ் தப்புன்னு மோல்தோவே அவர் வாயால சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்கறாங்க."

"உங்கம்மா என்ன சொல்றா?"

"எறிஞ்ச கல்லு விழுந்த எடத்துலதான் கனம்னு சொல்றா."

கட்டிக்கொடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்த ஊரில் சொல்வது அதுதான். ஊல்கானுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

"வியாழக்கிழமை மோல்தோவைப் பரீட்சை பண்ண ஆளுங்க வர்றாங்களாமே," என்றாள் ஜிபார். "ஊர்க்காரங்களையும் விசாரிப்பாங்களாம். நீங்கதானே குறிப்பு எழுதுவீங்க. என்னைப் பத்தி அதுல சொல்லுவீங்களா?"

"பார்க்கலாம்."

ஆலா-கெச்சூவில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். ஜிபாருக்கும் அது தெரியும். தலையை ஆட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, சேற்றில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து நடந்து போனாள்.

அவள் சொன்னது உண்மைதான். நாடு முழுவதும் மோல்தோக்களுக்குத் தகுதித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மார்க்கம் தெரிகிறதா, சட்டம் தெரிகிறதா, ஊரில் பேர் எப்படி என்று மூன்றையும் பார்த்து, தேறினவருக்குத்தான் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவர் தொழ வைக்கக் கூடாது. ஊர்த் தலைவர் ஜூமாகாதிர் புதன்கிழமையே ஊல்கானிடம் வந்து சொல்லி வைத்தார்.

"அக்கா, குறிப்பு ஒரு பக்கத்துல முடிஞ்சிடணும். வர்றவங்களுக்கு ஆடு அறுக்கறோம். நல்லபடியா வந்து நல்லபடியா போகட்டும். நீங்களும் இன்னும் அஞ்சு மாசத்துல நல்லபடியா போயிடுவீங்க."

அந்த ஐந்து மாதம் என்பது சும்மா சொன்னதில்லை. ஊல்கான் அன்று சாயங்காலம் ஏட்டைப் பிரித்துப் பார்த்தாள். பிறப்பேட்டில் ஜிபார் இருந்தாள். கல்யாண ஏட்டில் இல்லை. இதை எழுதினால் மோல்தோ மட்டுமா மாட்டுவார்? வயது தெரிந்தும் விருந்துக்குப் போய், சால்வை கட்டிவிட்டு, மேலிடத்துக்கு ஒரு வரி தெரிவிக்காமல் இருந்த செயலாளரை என்ன செய்வார்கள்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள அவளுக்குப் பைத்தியமா. ஏட்டை மூடிவிட்டு மாட்டைக் கட்டப் போனாள்.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். தலைமை தாங்கியவர் உலுக்மான், முப்பத்தைந்து வயது, நகரத்து அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவர், பளபளக்கும் சப்பாத்து. தேர்வு பள்ளிவாசலுக்குள் நடந்தது. எசென்தூர் குரல் நடுங்காமல் ஓதினார். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவின் விதிகளைச் சொன்னார். அப்புறம் சட்டம். பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்கு நிக்காஹ் ஓதலாமா என்று கேட்டார்கள். கூடாது, ஓதினவருக்கும் தண்டனை உண்டு என்றார். பதில் சரி. முழு மதிப்பெண்.

கடைசியில் ஊரார் கருத்து என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது. அதற்காக முற்றத்தில் ஊர் கூடியது. நாற்பது ஆண்கள் இருப்பார்கள், எல்லார் தலையிலும் வெள்ளைக் கம்பளித் தொப்பி. பெண்கள் அடுத்த வீட்டில் சமையலில் இருந்தார்கள். முற்றத்தில் இருந்த ஒரே பெண் மடியில் தாள் அட்டையோடு ஊல்கான். வேலிக்கு அந்தப் பக்கம் கொப்பரையில் கறி வெந்துகொண்டிருந்தது. உலுக்மான் மோல்தோவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முறையாகத் தொண்டையைக் கனைத்து, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஜமாத்தே, எசென்தூர் எப்படிப்பட்ட மனிதர்?"

அடுக்குமாடியில் வளர்ந்தவருக்கு எங்கே தெரியும். அந்தக் கேள்வியை, அந்த வார்த்தைகளில், ஒரே ஒரு சமயத்தில்தான் ஊரில் கேட்பார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மையத்தை நடுவில் வைத்துவிட்டு, இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்பார்கள். செத்தவன் யாராக இருந்தாலும், பெண்டாட்டியை அடித்தவனானாலும், பக்கத்து வயலுக்குப் போகும் தண்ணீரைத் திருப்பியவனானாலும், அதற்கு ஒரே பதில்தான். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய பதில்.

"நல்ல மனிதர்," என்றன நாற்பது தொண்டைகளும் ஒரே மூச்சில், அதே தாழ்ந்த ராகத்தில். பாதிப் பேர் பழக்கத்தில் கையை உயர்த்தி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஒருவன் தொழுகைக்கு நிற்பதுபோல் செருப்பையும் கழற்றிவிட்டான்.

எசென்தூரின் முகம் வெளுத்துவிட்டது. "அடே, நான் இன்னும் சாகலப்பா," என்றார்.

"பழக்கதோஷம், மோல்தோ," என்றார் எழுபத்தாறு வயது தோக்தோசுன். "என்னைக்கோ ஒருநாள் சொல்லப் போறதுதானே. இன்னைக்கு ஒத்திகைன்னு வெச்சுக்குங்க."

கூட்டம் சிரித்தது. எசென்தூரும் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. உலுக்மானுக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. ஆனால் இவ்வளவு ஒற்றுமையான ஊரை அவர் பார்த்ததில்லை போலும், முகம் மலர்ந்துவிட்டது. "ஊரார் ஒருமனதா நல்ல மனிதர்னு சொன்னாங்கன்னு எழுதிக்குங்கம்மா," என்றார். "எழுதி வாசிச்சுட்டா எல்லாரும் கையெழுத்துப் போட்டுடலாம்."

ஒருமனதாக என்ற சொல்லை ஊல்கான் தன் வாழ்நாளில் ஆயிரம் தடவை எழுதியிருப்பாள். கை தானாக எழுதிவிட்டது. எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது நேர் எதிரில் ஜிபாரின் மாமனார் நின்றிருந்தார். முகத்தைத் தடவிய கையை இன்னும் தாடியிலிருந்து எடுக்கவில்லை. ஏதோ பெரிய கடமை ஒன்றை முடித்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில். அதைப் பார்த்ததும் ஊல்கானுக்கு வந்தது தைரியம் இல்லை, எரிச்சல். உயிரோடு நிற்கிற மனிதனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், அவனைப் பிணமாக்கிப் பதில் சொல்லிவிட்டுக் கறிக்குக் காத்திருக்கிறார்களே என்ற எரிச்சல். அவள் மறுபடி குனிந்தாள். கொப்பரையிலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவு நேரம் என்னக்கா எழுதறீங்க?" என்றார் ஜூமாகாதிர்.

ஊல்கான் எழுந்து நின்று வாசித்தாள். கூட்டக் குறிப்பு வாசிக்கும் அதே தட்டையான குரல்.

"மோல்தோ எப்படிப்பட்ட மனிதர் என்ற கேள்விக்கு, ஊரார் ஒருமனதாக, நல்ல மனிதர் என்றனர். செயலாளரின் குறிப்பு: சென்ற அக்டோபர் பத்தொன்பதாம் தேதி எசென்தூர் மோல்தோ இவ்வூர் ஜிபாருக்கு நிக்காஹ் ஓதினார். அன்று அவளுக்கு வயது பதினாறு, எட்டு மாதம். கல்யாணம் பதிவாகவில்லை. இங்கே கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த விருந்தில் சாப்பிட்டனர். செயலாளரும் சாப்பிட்டார். மணப்பெண்ணுக்குச் சால்வை கட்டியவரும் செயலாளரே."

வாசித்து முடித்ததும் நாற்பது தொப்பிகளும் மோல்தோ பக்கம் திரும்பின.

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல போல," என்றார் ஜூமாகாதிர், யாரையும் பார்க்காமல்.

"ஏம்மா ஊல்கான்," என்றார் தோக்தோசுன். "உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியே."

"உண்டதையும்தான் எழுதியிருக்கேன், பெரியவரே."

உலுக்மான் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு மோல்தோவைப் பார்த்தார். எசென்தூர் கத்தவில்லை, மறுக்கவுமில்லை. ஊல்கானைப் பார்த்துப் பேசினார்.

"எழுதினது பொய்யில்லக்கா. ஓதினேன். ஆனா ஓதறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்டேன். பொண்ணுக்கு வயசு நெறஞ்சிருக்கான்னு சத்தமாக் கேட்டேன். கேட்டேனா, இல்லையா?"

"கேட்டீங்க."

"நெறஞ்சிருக்கு, ஓதுங்கன்னு மொத்த வீடும் சொல்லுச்சு. அவங்களுக்குத் தேதி தெரியாது. பெத்த அப்பனுக்கே வருஷம்தான் தெரியும். ஏடு உங்க அலமாரியில இருந்துச்சு. அந்த வீட்டுல தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

ஊல்கான் அதை மறந்தே போயிருந்தாள். மறந்தாள் என்பதும் முழு நிஜமில்லை, நினைக்காமல் இருந்தாள். மடியில் தட்டு, வாயில் ரொட்டி, சுற்றிலும் எல்லாரும் சொல்கிறார்கள். அவளும் சொன்னாள். அதை ஒரு பதில் என்றுகூட அவள் அப்போது நினைக்கவில்லை.

"இதெல்லாம் படிவத்துல வராதும்மா, விடுங்க," என்றார் உலுக்மான்.

ஊல்கான் தாளைத் திரும்ப வாங்கி நின்றபடியே எழுதினாள். எழுதியதை வாசித்தாள். "வயது நிறைந்ததா என்று மோல்தோ கேட்டபோது, செயலாளரும் நிறைந்திருக்கிறது என்றார்." பிறகு பேனாவை எசென்தூரிடம் நீட்டினாள்.

அவர் முழுவதையும் ஒருமுறை படித்தார். "தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கணும். இவங்க வாயை நம்பி ஓதினது என் தப்புதான்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஜிபாரின் மாமனார் உட்பட அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். ஊர்த் தலைவர் கையெழுத்துப் போடவில்லை. கறி வெந்துவிட்டது என்று ஒரு பெண் வந்து சொன்னாள். கடைசியில் போய்ச் சாப்பிட்டார்கள். அறுத்த ஆட்டை என்ன செய்வது.

எசென்தூருக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. நீதிமன்றத்தில் தண்டனையும் கிடைத்தது, சிறை இல்லை. இப்போது பழையபடி லாரி ஓட்டுகிறார். குளிர்காலத்தில் கபர் தோண்டக் கூப்பிட்டால் இன்றும் முதலில் வந்து நிற்கிறார். அடுத்து வந்த மோல்தோ சின்ன வயசுக்காரர், எடுத்ததற்கெல்லாம் தாள் கேட்கிறார். மையத்திடமும் பிறப்புச் சான்று கேட்பாரோ என்று ஊர் கேலி பேசுகிறது.

ஊல்கானை ஜூன் மாதம் வேலையிலிருந்து நீக்கினார்கள், ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது. பணிப் புத்தகத்தில் கடமையில் அலட்சியம் என்று எழுதினார்கள். எழுதியது உண்மை என்பதால் அவள் மேல்முறையீடு செய்யவில்லை. அவளுக்கு வந்த கோபம், அந்த வரியைப் புதுச் செயலாளர் கோணல்மாணலாக எழுதியிருந்ததில்தான். சால்வை கட்ட இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை. தெருவில் கண்டால் சலாம் சொல்கிறார்கள், நின்று பேசுவதில்லை.

அந்த வியாழன் கழிந்த மறுவாரம் ஜிபாரை மாமனாரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தாய் வீட்டு வாசலில் விட்டார். மாமியார் காளிபா அழுதாளாம். மே கடைசியில் ஜிபார் தேர்வு எழுதினாள். தேறிவிட்டாள். நர்சுப் படிப்புக்கு நகரத்தில் இடம் கிடைத்து, ஆகஸ்டில் ஊரை விட்டுப் புறப்படும் அன்று, சொல்லிக்கொண்டு போக ஊல்கானின் வீட்டுக்கு வந்தாள்.

ஊல்கான் பால் விட்ட டீயும் ரொட்டியும் வைத்தாள். அந்தக் குறிப்பின் நகல் உங்களிடம் இருக்கிறதாமே, பார்க்கலாமா என்று ஜிபார் கேட்டாள். ஊல்கான் எடுத்துக் கொடுத்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வேலையைக் கொடுத்து வாங்கிய தாள் அல்லவா. ஜிபார் முதலிலிருந்து நிதானமாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தக் கடைசி வரி எனக்குத் தெரியும் பெரியம்மா."

"எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அன்னைக்கு நான் மணப்பெண்ணை உக்கார வைக்கற திரைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். மோல்தோ கேட்டாரு. எனக்குப் பதினாறுதான்னு சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள உங்க குரல் கேட்டுச்சு. ஏடு வெச்சிருக்கற பெரியம்மாவே சொல்றாங்களே, அப்ப நான்தான் தப்பா எண்ணிட்டேன் போலன்னு மூடிக்கிட்டேன்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்தாள்.

வேலை போன அன்று ஊல்கான் அழவில்லை. இப்போது அழுதாள், அந்தப் பெண்ணின் முன்னாலேயே, முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல். ஜிபார் என்ன செய்வதென்று தெரியாமல் டீ தீரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.